நிம் ஏன் எதையும் சொல்லவில்லை?

விலங்குகளுக்கு மொழி உண்டா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் கிளியைக் கொண்டுவருவார், இன்னொருவர் தன் வீட்டு நாய்க்கு நாம் பேசுவது அத்தனையும் புரிகிறது என்பார். நான் கொண்டுவருவது நிம் என்ற சிம்பன்சியை. அதன் கதை தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன்.

நிம் பிறந்தது 1973இல், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில். கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸ் அதைக் குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, நியூயார்க்கில் ஒரு குடும்பத்தில் குழந்தையைப் போல வளர்க்க ஏற்பாடு செய்தார். மொழி மனிதனுக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவந்த மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியின் பெயரைக் கொஞ்சம் மாற்றி அதற்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயரிட்டார்கள். வாயால் பேசவைக்கும் முயற்சி முன்பே நடந்து தோற்றிருந்தது: விக்கி என்ற சிம்பன்சியோடு ஒரு தம்பதி வருடக்கணக்கில் பாடுபட்டும் நாலைந்து சொற்களுக்கு மேல் வரவில்லை. அதனால் நிம்முக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார்கள். சுமார் 125 சைகைகள் கற்றுக்கொண்டது. டெரஸுக்கே முதலில் நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் பதிவுசெய்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான், நிம்மின் கை அசைவதற்குச் சற்று முன்னால் ஆசிரியரின் கை அசைவதும், பல சமயம் அவர் காட்டியதையே நிம் திருப்பிக் காட்டுவதும் கண்ணில் பட்டது. இனி நம்ப வழியில்லை என்று 1979இல் 'சயின்ஸ்' இதழில் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நிம் தொடர்ந்து காட்டிய மிக நீளமான சைகைக் கோவை இது: கொடு ஆரஞ்சு எனக்கு கொடு சாப்பிடு ஆரஞ்சு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு நீ. மொத்தம் 16 சைகைகள். நீளம் கூடக்கூட விஷயம் கூடவில்லை, அதே ஆரஞ்சுதான். இதில் இலக்கணம் இல்லை என்று மொழியியலாளர்கள் சொன்னது சரிதான், ஆனால் என்னை உறுத்துவது வேறு. நிம் காட்டியதில் ஏறக்குறைய எல்லாமே கேட்பது. எதையாவது சும்மா சொல்வது என்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பேச்சே வராத ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நின்று பாருங்கள். மதில்மேல் காக்கா உட்கார்ந்தால் விரலை நீட்டும், காக்காவைப் பார்க்கும், உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அதற்குக் காக்கா வேண்டாம். நீங்களும் பார்த்தீர்களா என்பதுதான் வேண்டும். மொழியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இப்படிச் சொன்னதும், விலங்குகளும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றனவே என்று கேட்பீர்கள். சொல்கின்றன, அதுவும் அசத்தலாக. கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தை வந்தால் ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு இன்னொன்று. ஆய்வாளர்கள் ராபர்ட் செய்ஃபார்த்தும் டோரதி செனியும் இந்தக் குரல்களைப் பதிவுசெய்து, எந்த ஆபத்தும் இல்லாத நேரத்தில் மறைத்துவைத்த ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரத்துக்கு ஓடின, கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று புல்லுக்குள் தேடின. வெறும் பயத்தின் அலறல் என்றால் இப்படிப் பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. (முதுமலையில் புள்ளிமான் குரல் கேட்டதும் வழிகாட்டிகள் வண்டியை நிறுத்துவதும் இந்த மாதிரி ஒரு அறிவை வைத்துத்தான்.) ஆனாலும் சிறுத்தைக் குரல், சிறுத்தை நிற்கும்போது எழும் குரல். நேற்று வந்த சிறுத்தையைப் பற்றி அந்தக் குரங்குகள் பேசிக்கொள்வதில்லை.

தேனீ இந்த விஷயத்தில் குரங்கைத் தாண்டிவிடுகிறது. கூட்டுக்குள் இருட்டில், செங்குத்தான அடைமேல், உணவைக் கண்டுவந்த தேனீ வயிற்றை ஆட்டிக்கொண்டே ஒரு நேர்கோட்டில் ஓடும். அந்தக் கோடு நேர்மேல் திசையிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, வெளியே சூரியனிருக்கும் திசையிலிருந்து அத்தனை பாகை விலகிப் பறக்க வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம். இதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது, நிம் பிறந்த அதே 1973இல். கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறது தேனீ, சந்தேகமே இல்லை. ஆனால் உணவு, தண்ணீர், புதுக் கூட்டுக்கு இடம், இப்படி ஒருசில விஷயங்களோடு அதன் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒன்றோடொன்று சேர்த்து, வரிசைப்படுத்திப் பேசும் திறமை மனிதனுக்கு மட்டும்தான் என்ற வாதமும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. நம் பட்டாணிக்குருவிக்கு உறவான ஒரு சிட்டு ஜப்பானில் இருக்கிறது. அதற்கு 'ஆபத்து இருக்கிறதா பார்' என்று ஒரு குரல், 'இங்கே வா' என்று ஒரு குரல். இரண்டும் இதே வரிசையில் வந்தால் மற்றக் குருவிகள் சுற்றிலும் பார்த்துக்கொண்டே நெருங்கி வருகின்றன. ஆய்வாளர் தொஷிதாகா சுசூகி வரிசையைத் திருப்பிப் போட்டுக் கேட்கவைத்தபோது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 2016இல் வந்த ஆய்வு இது. ஒரு சின்னக் குருவிக்கு வரிசை முக்கியம்!

அப்படியானால் மனிதன் மட்டும் என்ன செய்தான்? ஒரு மொழி பிறப்பதைக் கண்ணால் பார்த்த இடம் ஒன்று உண்டு. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1977இல் காது கேளாத குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள், 1979 புரட்சிக்குப் பிறகு இன்னும் நிறையப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அதுவரை அவரவர் வீட்டில், வீட்டார் மட்டும் புரிந்துகொள்கிற சில சைகைகளோடு தனியாக வளர்ந்தவர்கள். ஆசிரியர்கள் கற்பிக்கப் பார்த்தது உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் புரிந்துகொள்வதை, அது சரிப்படவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேச ஆரம்பித்திருந்தார்கள், யாரும் சொல்லித்தராமலே.

ஆன் செங்காஸும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கார்ட்டூனைக் காட்டி, அதில் வருவதைச் சொல்லச் சொன்னார்கள். ஏதோ ஒன்று உருண்டுகொண்டே சரிவில் இறங்குகிறது. முதலில் சேர்ந்த மூத்தவர்கள் கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்கினார்கள், கண்ணில் பட்டது எப்படியோ அப்படியே. பின்னால் வந்த சின்னப் பிள்ளைகளோ 'உருள்' என்று ஒரு சைகை, அடுத்து 'இறங்கு' என்று ஒரு சைகை, இரண்டாக உடைத்துச் சொன்னார்கள். உடைத்துவிட்டால் அந்த 'உருள்' வேறு எதனோடும் சேரும். பெரியவர்களிடமிருந்து வாங்கிய அரைகுறையை மொழியாக்கியது சின்னப் பிள்ளைகள்தான். ஒருவருக்கொருவர் சொல்லியே ஆகவேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் இது நடந்திருக்காது என்று நம்புகிறேன்.

தொண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், குரல்வளை கீழே இறங்கியதால்தான் மனிதன் பேசினான் என்று. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. மக்காக் குரங்கின் தொண்டையை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தவர்கள், தெளிவான பேச்சுக்குப் போதுமான ஒலிகளை அதனால் எழுப்ப முடியும், மூளைதான் ஒத்துழைக்கவில்லை என்று 2016இல் காட்டினார்கள். மனாகுவா பிள்ளைகளுக்குத் தொண்டையே தேவைப்படவில்லை.

என் கட்சிக்குச் சவாலாக ஏதாவது வருமென்றால் அது சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான போனோபோக்களிடமிருந்துதான் வரும். 2025 மார்ச்சில் இறந்துபோன கான்சி என்ற போனோபோ, யாரும் உட்காரவைத்துக் கற்பிக்காமலே, வளர்ப்புத் தாய்க்கு நடந்த பாடத்தைக் கவனித்தே, சொல்லுக்கு ஒரு குறி வரைந்த பலகையில் சொற்களைத் தொடக் கற்றுக்கொண்டது. புதிதாகக் கேட்ட ஆங்கில வாக்கியங்களில் பெரும்பாலானவற்றைப் புரிந்து நடந்தது. ஆனால் அதுவும் தனக்கு வேண்டியதைக் கேட்டதுதான் அதிகம், சும்மா எதையாவது சொன்னது மிகக் குறைவு. அது இறந்த அடுத்த மாதமே, காங்கோவின் கோகோலோபோரி காட்டில் வாழும் போனோபோக்கள் குரல்களைச் சேர்த்துப் புதுப் பொருள் உண்டாக்குகின்றன என்று ஒரு ஆய்வு வந்தது. அவை, 'எங்களுக்குப் பழம் வேண்டும்' என்பதற்கு மேல் எதையாவது, நேற்றையதையோ அந்தப் பக்கக் கூட்டத்தையோ பற்றி, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றனவா? ஒரு தடவை அப்படி நடந்ததாகக் காட்டிவிட்டால் போதும், மேலே எழுதியதை நானே மாற்றி எழுதுவேன்.