அரங்கேற்றம் என்னும் சொல்

அரங்கேற்றம் என்ற சொல்லின் உயிர் ‘ஏற்றம்’ என்பதில் இல்லை, ‘அரங்கு’ என்ற முற்பகுதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். “அரங்கின்றி வட்டாடியற்றே” என்று தொடங்கும் 401ஆம் குறளில் அரங்கு என்பது தரையில் கோடு கிழித்து வரைந்த கட்டம். கட்டம் வரையாமல் காய் உருட்டுவதைப் போன்றது, நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசப் புகுவது என்கிறார் வள்ளுவர். ஆறு பிரிந்து சூழும் நிலத்துக்கும் அரங்கம் என்றே பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கம் அதற்குச் சான்று. எல்லை வகுத்துத் தனித்த இடம் என்ற கருத்து எல்லாவற்றிலும் ஊடாடுகிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆட்டத்துக்கு வருமுன், அவளுடைய ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவருடைய தகுதியையும் நிதானமாக விரித்துரைக்கிறது. பிறகு, கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலில் 24 விரல் அளவாக வெட்டிய கோலைக் கொண்டு, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என மேடை எழுகிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை அமைத்தார்கள் என்று ஓர் அடி வருகிறது. அதற்காகவே இந்தக் காதையைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மேடையருகே நின்று கவனித்த ஒருவருக்கே அந்த நிழல் கண்ணில் பட்டிருக்கும். ஏழாண்டு பயின்று, 12ஆம் வயதில், வலக்காலை முன்வைத்து மாதவி அதில் ஏறுகிறாள். சோழன் அவளுக்கு, சிறந்த ஆடல்மகளிர் பெறும் தலைக்கோலிப் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும் அளிக்கிறான்; கழஞ்சு என்பது பழைய எடையளவு.

நூல்களுக்கும் இச்சொல் உரியதாயிற்று. கம்பராமாயணம் திருவரங்கத்திலும் பெரியபுராணம் தில்லையிலும் அரங்கேறின என்பது மரபு. அறிந்தோர் அவையின் ஒப்புதல் அங்கே இன்றியமையாததாக இருந்தது.

இன்றைய பரதநாட்டிய மாணவி, அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை, மார்க்கம் எனப்படும் உருப்படிகளின் வரிசையை முழுமையாக ஆடுவதே அரங்கேற்றம். நடுவில் வரும் வர்ணம் என்ற நீண்ட உருப்படி அரைமணி நேரத்தையும் தாண்டும். பல்லாண்டுப் பயிற்சி அங்கேதான் வெளிப்படும். ஆனால் மண்டபமும் அழைப்பிதழும் விருந்தும் பெருகப் பெருக, பல வீடுகளில் அரங்கேற்றம் முடிந்ததும் சலங்கை பெட்டிக்குள் போய்விடுவது எனக்குப் பெரும் வருத்தம். மாதவிக்கு அது தொடக்கமாக இருந்தது. பின்னால் வரும் கடலாடு காதையில் அவள் பதினொரு வகை ஆடல்களையும் ஆடுகிறாள்.

நாளிதழ்கள் “கொலை அரங்கேறியது” என்று எழுதுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே ‘நடந்தது’ என்ற சொல்லே போதும்.