நெகமம் சேலையில் ஒரு கரடி: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 14, 2025, திங்கள்

காலையில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மஞ்சப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசையில் வைத்தார். "அம்மாவோடதுங்க்கா. மார்கழியில தவறிட்டாங்க. இதுல ஒரு கரடி பொம்மை பண்ணித் தருவீங்களா?"

பிரித்ததுமே தெரிந்துவிட்டது, நெகமம் காட்டன். அரக்கு நிறம், பச்சைக் கரை. கையில் எடுத்தாலே கனம் தெரிகிற ரகம். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. எந்தச் சேலை வந்தாலும் முதலில் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் ஊடுருவுகிற இடத்தில் பஞ்சை இறுக்கி அடைத்தால் துணி விட்டுப்போகும். இதில் இடுப்பில் செருகுகிற பகுதி மட்டும் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் திடமாக இருக்கிறது.

முந்தானை ஓரத்தில் ஓரிடம் என் கையை நிறுத்தியது. துணி சுருங்கிச் சுருங்கி ஒரு சின்னக் குமிழ் போல எழும்பி நிற்கிறது. விரலால் நீவினாலும் படியவில்லை. நடுவில் துருவேறிய கறை. நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "சில்லறையும் பீரோ சாவியும் அதுலதாங்க்கா முடிஞ்சு வெப்பாங்க."

துவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முகர்ந்து பார்த்தேன், கோடாலித் தைலத்தின் வாசம் லேசாக இருக்கிறது. அந்த ஆசை புரிகிறது. ஆனால் எண்ணெய்ப்பிசுக்கோடு தைத்து மூடினால் இரண்டு மழைக்காலத்துக்குள் உள்ளே பூஞ்சை வரும், இராமபாணப் பூச்சியும் அரிக்கும். கடைசியில் இப்படிப் பேசி முடிவு செய்தோம்: உடம்புக்கு எடுக்கிற துணியை அலசி நிழலில் உலர்த்துவது, முந்தானையைத் தண்ணீரில் போடாமல் காற்றாட மட்டும் விடுவது.

அவர் போனதும் அத்தை கேட்டார்: "போய்ச் சேந்தவங்க சேலைய ஆடியில எடுத்து வெட்டோணுமா கண்ணு?" அமாவாசை முடியட்டும் அத்தை, அதற்கப்புறம்தான் கத்தரி வைப்பேன் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காலையிலிருந்தே ஜன்னலை அடிக்கிறது. இன்று பார்த்து மோஹேர் வெட்ட வேண்டிய நாள். பெங்களூருக்காரர் ஒருவருக்கு, 14 அங்குலக் கரடி. அவர் கரடிகளைச் சேகரிப்பவர்.

மோஹேர் அங்கோரா ஆட்டின் முடி. அங்கோரா என்பது துருக்கியின் அங்காரா நகரத்துக்குப் பழைய பெயர். இன்று உலகத்தில் மிக அதிகமாக இந்த முடி வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து. என்னிடம் இருக்கிற துணி ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் நெய்தது. பருத்தி அடித்துணி, அதன்மேல் முடி நிற்கும். ஒரு மீட்டர் விலைக்கு நல்ல பட்டுச்சேலையே எடுத்துவிடலாம். அதனால் பழுதாக்கினால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துண்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துணியின் பின்பக்கம் முடி படுகிற திசைக்கு அம்புக்குறி போட்டு, அதற்கு ஏற்ப அட்டைகளை வைத்து வரைய வேண்டும். வெட்டும்போது கத்தரியின் நுனி அடித்துணிக்குள் மட்டும் போக வேண்டும். முழுக் கத்தரியும் போட்டு நறுக்கினால் முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தையல் ஓரமெல்லாம் மொட்டையாகத் தெரியும். மொத்தம் 21 துண்டுகள். தலைக்கு மூன்று, காதுக்கு நான்கு, உடம்புக்கு இரண்டு, மீதி கைகால்களுக்கும் உள்ளங்கை பாதங்களுக்கும். கைகால்களுக்கு ஒவ்வொன்றையும் வலது இடது என்று திருப்பிப் போட்டு வரைய வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் இரண்டையும் இடது கையாகவே வெட்டி, அரை மீட்டர் துணி போயிற்று. இப்போதும் கத்தரி வைக்கும் முன் இருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

முடித்துக் கதவைத் திறந்ததும் ஒரே காற்று. தரையில் கிடந்த முடியெல்லாம் எழும்பிப் பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்டிருந்த அரிசி வடகத்தின்மேல் போய் இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு அரை படி அரிசி ஊறப்போட்டு நானே கூழ் கிண்டிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மெஷின் ஓடாது. கை வேலைக்கென்று ஒதுக்கி வைத்ததையெல்லாம் வாசல் திண்ணைக்கு எடுத்துவந்தேன்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு கரடி கேட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தது போலவே கண்ணாடிக் கண் வேண்டுமாம். முடியாது என்று போனில் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணாடிக் கண் உடையும், கழன்றால் வாய்க்குள் போகும். கைகால் மூட்டுக்குள் நான் வைக்கிற இரும்புப் பின்னும் அந்த வயதுக்கு ஆகாது. 2021லிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு, எனக்கும் அந்த அட்டை இருக்கிறது. அட்டை இருக்கிறதே என்று குழந்தைக்குக் கண்ணாடிக் கண்ணை வைத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. கண்ணையும் மூக்கையும் நூலிலேயே போட்டு, கைகால்களை உடம்போடு சேர்த்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

நூலில் கண் போட்டுக்கொண்டிருக்கும்போது மார்கரெட் ஸ்டைஃப் ஞாபகம் வந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் மனதுக்குள் வைத்துக் கும்பிடுகிற பெண்மணி. 1847இல் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. கால்கள் இரண்டும் நடக்க உதவவில்லை, வலது கையைத் தூக்குவதே சிரமம். அந்தக் கையோடுதான் தையல் கற்றார். 1880இல் கம்பளித் துணியில் யானை வடிவத்தில் ஊசி குத்தி வைக்கிற மெத்தைகள் செய்தார். குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்ததில் பொம்மைத் தொழில் பிறந்தது. கைகால் அசைகிற கரடியை 1902இல் வடிவமைத்தது அவருடைய அண்ணன் தம்பி வழியில் வந்த மருமகன் ரிச்சர்ட். அடுத்த வருஷம் லைப்சிக் சந்தையில் அமெரிக்க வியாபாரி ஒருவர் 3000 கரடிகள் கேட்டாராம். அதே சமயம் அமெரிக்காவிலும், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த கதை கார்ட்டூனாக வந்து, அவருடைய செல்லப்பெயரில் 'டெடி' கரடி புறப்பட்டுவிட்டது.

வலது தோள் வலிக்கிற நாட்களில் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். இன்றும் வலித்தது.

கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியற்காலையிலேயே பேரூர் போனோம். நொய்யல் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மாமாவுக்காக அவர் மகன் எள்ளும் தண்ணீரும் விட்டார். அத்தை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் திடீரென்று, "அந்தப் பிள்ளையும் இன்னிக்கு அவங்கம்மாவுக்குக் கும்பிட்டிருக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை எதுவும் இல்லை இன்று.

ஜூலை 25, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு நெகமம் சேலையை எடுத்தேன். அத்தையும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

உடம்புத் துணியில் எந்தச் சிக்கலும் இல்லை. பழைய பருத்திக்கு முதுகில் ஒரு தாங்கல் வேண்டும். பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற ஒட்டு கேன்வாஸில் மெல்லிய ரகத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன். பச்சைக் கரையைத் தலையின் நடுத்துண்டில் மூக்கிலிருந்து பிடரி வரைக்கும் வருகிற மாதிரி வைத்தேன். எதிர்பார்த்ததைவிட அழகாக இருக்கிறது.

முந்தானைதான் யோசிக்க வைத்தது. அந்தச் சுருக்கம் விழுந்த துண்டை உள்ளங்கையில் வைப்பது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தேன். கையைப் பிடிக்கிறவர்களின் விரல் அங்கேதான் படும். ஆனால் கேன்வாஸை ஒட்ட வேண்டுமானால் சூடு வைக்க வேண்டும். சூடு பட்டால் இருபது முப்பது வருஷமாக முடிந்து முடிந்து விழுந்த சுருக்கம் ஒரு நிமிஷத்தில் தட்டையாகிவிடும். ஒரு ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியைக் காட்டிப் பார்க்கக்கூடத் துணியவில்லை. மல் துணியை அடியில் வைத்து, சுருக்கத்தின் ஒவ்வொரு மடிப்பையும் அதன் பள்ளத்திலேயே பிடித்து, 10ஆம் நம்பர் ஊசியால் பொடிப் பொடியாகத் தைத்து நிறுத்தினேன். இரண்டு அங்குலத் துண்டுக்கு இரண்டரை மணி நேரம். துருக்கறையை நடுவில் விட்டிருக்கிறேன்.

அத்தை துணியை இழுபடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். "அவங்க எடக்கைப் பளக்கம் போலிருக்குது. முடிச்சு எப்படித் திரும்பியிருக்குது பாரு" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆமாங்க்கா, எடக்கைதான் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு அழுதார். உள்ளங்கைத் துண்டை இடது கைக்கு மாற்றி வைத்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

மெஷினில் எல்லாம் தைத்து முடித்துத் திருப்பியாயிற்று. பெங்களூர்க் கரடிக்கும் தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசியால் நெம்பி நெம்பி எடுத்துவிட்டேன். கண் எரிகிறது.

ஜூலை 30, புதன்

மூட்டு வைக்கிற நாள். ஆரம்பகாலக் கரடிகளுக்குக் கைகால்களை நூலால்தான் கோத்தார்கள், சீக்கிரம் தளர்ந்து தொங்கின. இப்போது செய்வது இப்படி: ஒரு மூட்டுக்கு இரண்டு ஹார்டுபோர்டு வட்டம், இரண்டு வாஷர், ஒரு காட்டர் பின். ஒரு வட்டம் கைக்குள்ளே, இன்னொன்று உடம்புக்குள்ளே. பின்னின் இரண்டு கால்களையும் குறடால் பிடித்து, இருபுறமும் சுருட்டி இறுக்க வேண்டும். கழுத்தோடு சேர்த்து ஐந்து மூட்டு. தைத்து முடித்த கை முதலில் அசையவே மறுக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். பஞ்சு அமர அமரத் தானே இளகிச் சரியாகும்.

தலைக்கும் மூக்குக்கும் பாலியஸ்டர் பஞ்சைக் குச்சியால் குத்திக் குத்திக் கல் மாதிரி அடைத்தேன். மூக்கு இளசாக இருந்தால் நாளைக்கு நூல் இழுக்கும்போது முகம் கோணிப்போகும். உடம்புக்கு இலவம் பஞ்சு, போடியிலிருந்து வரவழைத்தது. முதல் உலகப் போருக்குப் பின்னால் இங்கிலாந்துக் கரடிகளுக்குள் இலவம் பஞ்சைத்தான் நிறைய அடைத்தார்கள். அதுவரை மரச்சீவல், குத்தும், கனமும் அதிகம். நம் வீட்டுத் தலையணைக்குள் இருந்ததேதான் அந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கிய கரடிக்குள்ளும் இருந்தது என்பதைப் படித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயிற்றின் அடியில் ஒரு சின்னப் பையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டுகள் 150 கிராம். மடியில் வைத்தால் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும்.

முதுகை மூடும்போது இலவம் பஞ்சு ஊசித்துளைகளில் எட்டிப் பார்க்கும். நிதானமாக உள்ளே தள்ளித் தள்ளித் தைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முகம். இதற்காக நேற்றே வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

நேற்று ராத்திரி அந்தப் பெண் கேட்டிருந்தார்: "ஒரு சின்ன மூக்குத்தி வெக்க முடியுங்களா? அம்மா மாதிரி இருக்கும்." வேண்டாம் என்று சொன்னேன். இதை முன்பு ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு தாத்தாவின் சட்டையில் கரடி, அவர் போட்டிருந்தது போலவே கண்ணாடி. பார்க்க முடியவில்லை என்று அந்த வீட்டில் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அங்கே போய் அந்தக் கண்ணாடியைப் பிரித்தெடுத்த பிறகுதான் கரடி வெளியே வந்தது. அம்மாவின் சேலை அம்மாவுடையது, முகம் கரடியுடையதாக இருக்கட்டும் என்றேன். புரிந்துகொண்டார்.

கருப்புத் தலை குண்டூசிகளைக் கண் இருக்கிற இடத்தில் குத்தி, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். கால் அங்குலம் கீழே இறக்கினால் குழந்தையாகும். உள்ளே நெருக்கினால் வயதாகும், கொஞ்சம் கோபமும் வரும். மேலே ஏற்றினால் திகைத்துப் பார்க்கும். பதினொரு மணி வரைக்கும் ஊசி நகர்ந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்க் காய் நறுக்கி, குழம்பு கொதித்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து வாசலிலிருந்து பார்த்தேன். பச்சைக் கரையை ஒட்டி, இரண்டு கண்ணும் ஒரே நேர்கோட்டில். யாராவது பேசினால் காது கொடுத்துக் கேட்கிற முகம். அதுதான் என்று தோன்றியதும் அப்படியே பென்சிலால் குறித்துவிட்டேன்.

பத்து மில்லிமீட்டர் கருப்புக் கண்ணாடிக் கண்கள். பின்பக்கக் கம்பி வளையத்தில் மெழுகு நூலைக் கோத்து, நீள ஊசியால் எதிர்ப்பக்கக் காதுக்குப் பின்னால் கொண்டுவந்து, கண் சற்றே குழியில் அமர்கிற வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டேன். முடிச்சின்மேலேயே காதை வைத்துத் தைத்தாயிற்று. மூக்கு, அடர்பழுப்பு பேர்ல் காட்டன் நூல், செங்குத்தாக. மூன்று முறை பிரித்தேன். இடது ஓரம் அரை நூல் அளவு தூக்கலாகவே வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அத்தை எலுமிச்சை, தேங்காய், புளி என்று மூன்று சாதம் கிளறியிருந்தார். பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தார், கூடவே அவர் அப்பாவும். வருவார் என்று சொல்லியிருக்கவில்லை.

மீதிச் சேலையையும், விரல் நீளத் துண்டுகள்வரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன். எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. வெயில் படாமல் வைக்கச் சொன்னேன், அரக்கு நிறம் சீக்கிரம் வெளுக்கும். தண்ணீரில் போடக்கூடாது, தூசியைத் துணியால் தட்டினால் போதும்.

பெரியவர் கரடியைப் பார்த்தார், தொடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் முதலில் வேண்டாம் என்றார். அத்தைதான் விடாமல் இலை போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஈரத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, கரடியின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த சேலைங்க இது" என்றார் அத்தையிடம். எந்த வருஷம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் அந்தப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊஞ்சலில் கரடி. ஜன்னல் பக்கம்தான் முதலில் வைத்தோம், பத்து மணிக்கு வெயில் வந்ததும் அப்பா தூக்கிக்கொண்டு வந்து இங்கே உட்கார வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தார்.

பெங்களூர்க் கரடிக்கு முகவாய் முடியைக் கத்தரிக்க வேண்டும். காற்று இன்னும் நிற்கவில்லை. வடகம் இன்று காயப்போடவில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.