இ20 பெட்ரோலும் என் கார்ப்ரேட்டர் 800-ம்: இதுவரை செய்து பார்த்தவை

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், கார்ப்ரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்). ஓடுவது பெரும்பாலும் சென்னைக்குள், எப்போதாவது திண்டிவனம் வரை. ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து எதையாவது நோண்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் சரிதான்.

2025 ஆகஸ்ட்டில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வண்டிகளைக் கெடுக்குமா என்ற சண்டை உச்சத்துக்குப் போனபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை அதே பேச்சு. டேங்க் துருப்பிடித்துவிடும், இன்ஜின் சீஸ் ஆகிவிடும், மைலேஜ் பாதியாகிவிட்டது என்று ஒரு பக்கம். பெட்ரோலிய அமைச்சகம் அந்த மாதமே இரண்டு முறை விளக்கம் கொடுத்தது. கார்ப்ரேட்டர் வண்டி, இன்ஜெக்‌ஷன் வண்டி (பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சுவது) இரண்டையும் 1 லட்சம் கி.மீ. வரை ஓட்டிச் சோதித்ததில் பவரிலும் டார்க்கிலும் பெரிதாக வித்தியாசமே இல்லை என்றது. அந்த விளக்கத்துக்குள்ளேயே ஒரு வரி இருந்தது: பழைய வண்டிகளில் 20,000, 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று. கத்தியவர்களும் சரி, பதில் சொன்னவர்களும் சரி, அந்த வரியைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அதுதான் கொக்கி.

முதலில், வண்டிக்குள் போவது உண்மையில் இ20தானா என்று பார்த்தேன். பெட்ரோல் பங்கில் பாட்டிலில் தரமாட்டார்கள், அதனால் டேங்கிலிருந்து ஹோஸ் விட்டு எடுத்ததுதான். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மொட்டை மாடியில் நிழலில் வைத்துவிட்டால் போதும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழே 10 மில்லியில் நிற்க வேண்டிய கோடு 27-க்கு ஏறி நின்றது. அதாவது 90 மில்லியில் 17 மில்லி எத்தனால். கொஞ்சம் மேலேயே கரைந்து நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 20 சதவீதம் சரியாகவே இருக்கிறது. நண்பர் ஒருவர் பைக்கில் 100 ஆக்டேன் பெட்ரோல் போடுபவர். அவர் பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றிப் பிடித்த மாதிரியில் கோடு அசையவே இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கத்தான் செய்கிறது, லிட்டர் 160 ரூபாய்க்கு மேல் கொடுக்க மனமிருந்தால்.

அடுத்தது ரப்பர். இதில்தான் நேரம் போனது, ஆனால் போனது வீணில்லை.

ஊறுகாய் பாட்டில்கள் எடுத்து, இ20 ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போட்டேன். ஒன்றில் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்ரோல் ஹோஸ், ஒன்றில் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா நைட்ரைல் ரப்பர் ஹோஸ், ஒன்றில் உள்பக்கம் விட்டான் என்ற, எரிபொருளைத் தாங்கும் ரப்பர் பூச்சுள்ள ஹோஸ். கடைசியாக, பழைய கார்ப்ரேட்டர் ரிப்பேர் கிட்டில் மிச்சமிருந்த ரப்பர் முனை நீடில் வால்வும் (கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைப்பது) ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரமும் (மெல்லிய ரப்பர் சவ்வு) ஒரே பாட்டிலில்.

பழைய ஹோஸ் போட்ட பாட்டிலில் பெட்ரோல் மறுநாளே தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. சாதா புது ஹோஸ் வெர்னியரில் 12 மி.மீ.யிலிருந்து 12.8-க்கு உப்பியது. விரலால் அமுக்கினால் கொழகொழவென்று இருந்தது. விட்டான் துண்டில் அளவும் மாறவில்லை, நிறமும் போகவில்லை. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்த பிறகு நடந்தது. உப்பிய நைட்ரைல் துண்டு பழைய அளவுக்குத் திரும்பவில்லை, அதற்கும் கீழே சுருங்கியது. பழைய ஹோஸை வளைத்தால் உள்சுவரில் மயிரிழை வெடிப்புகள். ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சரக்கை எத்தனால் உறிஞ்சி வெளியே இழுத்துவிடுகிறது. அதுதான் பாட்டிலில் தெரிந்த தேநீர் நிறம்.

இதில் ஒரு விஷயம் பிடிபட்டது. தினமும் ஓடும் வண்டியில் ஹோஸ் எப்போதும் நனைந்தே இருக்கும், உப்பியபடியே காலம் தள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில்தான் காய்ந்து, சுருங்கி, கிளிப் இருக்கும் இடத்தில் கசியும். சோதனைச் சாலையில் விடாமல் ஓட்டிய வண்டியில் தெரியாதது, கவர் போட்டு நிறுத்திய வண்டியில் தெரியும். அமைச்சகம் சொன்னதும் பொய்யில்லை, பழைய வண்டிக்காரன் புலம்பியதும் பொய்யில்லை என்று நான் நினைக்க ஆரம்பித்தது இந்தப் பாட்டில்களைப் பார்த்துத்தான்.

நீடில் வால்வின் ரப்பர் முனை லேசாகப் பருத்தது, அவ்வளவுதான். டயாஃப்ரம் கவலைக்கிடம், ஓரம் சுருண்டுவிட்டது.

சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் அடுத்த கதை. விட்டான் ஹோஸ் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கிடைத்தது, சாதா ஹோஸைப் போல நாலைந்து மடங்கு விலை. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு மேலே அச்சடித்திருக்கிறதா பாருங்கள்; ஆர்6, ஆர்7 என்று இருந்தால் சாதா சரக்கு. டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்ப்ரேட்டர், திரும்பிப் போகும் லைன் எல்லாவற்றிலும் மாற்றியாயிற்று. கார்ப்ரேட்டர் டயாஃப்ரம்தான் சிக்கல். ஜப்பானின் மிக்குனி நிறுவனத் தொழில்நுட்பத்தில் இந்த கார்ப்ரேட்டர்களைச் செய்து கொடுத்த கம்பெனி சென்னையிலேயே இருந்தது. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் கிட்டில் என்ன ரப்பர் என்று கடைக்காரருக்கே தெரியாது. வாங்கிய ஒவ்வொன்றையும் ஊறப்போட்டுப் பார்த்துத்தான் பூட்டினேன்.

புதுப்பேட்டையில் கார்ப்ரேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பாட்டில் கதையைச் சொன்னதும் சிரித்தார். "கேட் கன்வெர்ட்டர் வந்தப்பவும் இதே கூத்துதான் சார். ஊருக்குப் போற வண்டிங்க எல்லாம் இங்க வந்துதான் கழட்டிட்டுப் போவாங்க" என்றார். 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களிலும் புதுப் பெட்ரோல் கார் என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டும், ஈயமில்லாத பெட்ரோல்தான் போட வேண்டும் என்று ஆனது. நகரத்தைத் தாண்டினால் அந்தப் பெட்ரோல் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஈயம் கலந்ததை ஊற்றினால் கன்வெர்ட்டர் செத்துப்போகும். அப்புறம் என்ன, கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்தார்கள். நாடு முழுக்க ஈயம் போனது 2000 பிப்ரவரியில்தான். என் வண்டியிலும் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில், நான் வாங்கும்போதே வெறும் குழாய்தான். சட்டம் முதலில் வந்து, அதற்கு வேண்டிய பொருள் பின்னால் வந்தால் மக்கள் எப்படிப் பதில் சொல்வார்கள் என்பதை அந்தக் குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

800-ன் ஆயுளே இப்படிப்பட்ட விதிகளால் அளக்கப்பட்டதுதான். 2000-ல் புதிய புகை விதி வந்தபோது கார்ப்ரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. இனிமேல் ரோட்டோர மெக்கானிக் கைவைக்க முடியாது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்-4 புகை விதி வந்தது. அந்த இன்ஜினை அதற்கேற்ப மாற்றாமல் அங்கெல்லாம் விற்பனையையே நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது.

இனி ஓட்டம். இ20 வந்த பிறகு காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் பிடி) கொஞ்சம் அதிக நேரம் இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் மிதித்தால் ஒரு தயக்கம், பிறகுதான் இழுவை. காரணம் எளிது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் 13.5 பக்கம் வரும். புது வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதை மோப்பம் பிடித்து, தானாகவே கூடுதல் பெட்ரோலை விடும். கார்ப்ரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஆகவே கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்து போகிறது, அதாவது காற்றுக்கு வேண்டிய எரிபொருள் அந்த அளவுக்குக் குறைகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இளம்பழுப்பு போய் வெள்ளையடித்திருந்தது.

பெட்ரோல் போகும் அந்த ஓட்டைதான் மெயின் ஜெட். அதன் பரப்பு 8 சதவீதம் கூட வேண்டுமென்றால் குறுக்களவு 4 சதவீதம் கூடினால் போதும், மில்லிமீட்டரில் நூறில் நாலு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ட்ரில் பிட்டை வைத்துப் பெரிதாக்கலாம் என்று பலர் சொன்னார்கள். நான் அதற்குப் போகவில்லை. பாயின் டப்பாவில் பழைய ஜெட்டுகள் குவியலாக இருந்தன. நம்பர் பார்த்து ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக் கொடுத்தார். ஐடிலிங் ஸ்குருவையும் கொஞ்சம் திறந்தேன். தயக்கம் போயிற்று, பிளக்கும் நிறத்துக்கு வந்தது.

ஆனால் புகைச் சான்றுக்குப் போனபோது ஒரு வேடிக்கை. என் காலத்து வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. ஜெட்டைத் தொடுவதற்கு முன், இ20-ல் ஓடியபோது வந்த எண் முந்தைய சான்றுகளைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஜெட்டை மாற்றி ஓட்டத்தைச் சரிசெய்ததும் எண் மறுபடி ஏறியது, வரம்புக்குள்தான். எத்தனால் சுத்தமாக எரியும் என்று சொல்வதில் ஒரு பங்கு, கார்ப்ரேட்டர் வண்டியைப் பொறுத்தவரை, கலவை மெலிந்ததால் வரும் சுத்தம்தான். இழுவை வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

மைலேஜ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. டேங்க் ஃபுல் செய்து எழுதிவைக்கும் நோட்டில், இ10 (10 சதவீதம் எத்தனால்) காலத்தில் நகரத்துக்குள் லிட்டருக்கு 15.5-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 14.8 பக்கம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குச் சூடுதான் இருக்கிறது. கணக்குக்கு அது ஒத்துவருகிறது. பாதியெல்லாம் குறையவில்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ஒப்பேற்றிய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று சொல்லியிருந்தது.

அதே அறிக்கை பழைய வண்டிகளுக்காக இ10-ஐயும் விற்பனையில் வைத்திருக்கச் சொன்னது, விலையையும் குறைவாக வைக்கச் சொன்னது. இரண்டும் நடக்கவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டது, சுத்திகரித்த பெட்ரோலைவிட அது அதிகம் என்பது 2025-ல் அரசு சொன்ன பதில். எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. வாட்ஸ்அப்பில் இன்ஜின் வெடிக்கும் என்று அனுப்பியவர்களைவிட, எந்தப் பெட்ரோல் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய்ப்பே இல்லையே என்று கேட்டவர்களின் கோபம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. என் மாமா 2016-ல் வாங்கிய காரின் பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இ10 என்று ஸ்டிக்கர் இருக்கிறது. அவர் போடும் பங்கில் இ10 இல்லை. "ஸ்டிக்கரை நம்பறதா, பங்க்காரனை நம்பறதா?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை, ஒரு மீட்டர் விட்டான் ஹோஸ் மட்டும் கொடுத்தேன்.

மிச்சமிருப்பது பெட்ரோல் பம்ப். பழைய மெக்கானிக்கல் பம்ப், உள்ளே பெரிய டயாஃப்ரம். கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். தனி டயாஃப்ரம் இன்னும் கிடைக்கவில்லை, முழுப் பம்பாக வாங்கிப் பிரித்து ஊறப்போட வேண்டும் போலிருக்கிறது. அதுவரை டிப்ஸ்டிக்கை எடுக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலம் வேறு வருகிறது. இ20-ல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில், முதல் சில சொட்டுகள் கரைந்துபோயின, பிறகு ஒரு கட்டத்தில் மொத்தமும் கலங்கி, எத்தனாலும் தண்ணீருமாகக் கீழே இறங்கி நின்றது. டேங்க் 28 லிட்டர்தான், பாதி காலியாக நிறுத்தினால் மிச்ச இடத்தில் ஈரக்காற்று. நவம்பர் முடியும் வரை ஃபுல் டேங்க்கிலேயே நிறுத்துவது, மூடியின் வாஷரை மாற்றுவது, மாதம் ஒருமுறை டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். பம்ப் கிடைத்ததும் மீதியை எழுதுகிறேன்.