"அக்ரிமென்ட்ல உங்க பேர் எங்க இருக்கு?" உரிமையியல் நீதிபதி தேர்வில் என்னைக் கரை சேர்த்த கேள்வி

மூன்று நாளைக்கு முன்னால் இறுதிப் பட்டியல் வந்தது. பதிவெண்ணின் மேல் விரலை வைத்து நான்கு தடவை சரிபார்த்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். இது எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் மெயின்ஸ் வரை போய், சிவில் தீர்ப்பு எழுதும் தாளில் விழுந்தேன். அந்தத் தாளில் எங்கே தவறினேன், அடுத்த முறை அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிட நினைக்கிறேன். பாடத்திட்டமும் தாள்களின் அமைப்பும் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதல் முறை வந்தது கிரைய ஒப்பந்த வழக்கு. ஏற்றதை ஆற்றுக பரிகாரம், அதாவது ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் தரும் உத்தரவு. பார்த்ததும் மனசு குதித்தது, ஏனென்றால் அதைத்தான் நன்றாகப் படித்திருந்தேன். வாதி தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தாரா, ஒப்பந்தத்தில் காலம் முக்கிய நிபந்தனையா, கால வரம்புச் சட்டத்தின் 54-ஆம் கூறுப்படி மூன்று வருடத்துக்குள் வழக்கு வந்ததா என்று ஆறு பக்கம் எழுதினேன். 1995-இன் என்.பி. திருஞானம் தீர்ப்பு, 2011-இன் சாரதாமணி கந்தப்பன் தீர்ப்பு என்று மேற்கோள்களும் சரியாகவே விழுந்தன.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "வாதி அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டவர் இல்லையேடி. போட்டவர்கிட்ட இருந்து உரிமையை எழுதி வாங்கினவர். அதுக்கு எழுவினா வகுத்தியா?" எழுவினா என்றால் வழக்கில் நீதிபதி முடிவு சொல்ல வேண்டிய கேள்வி.

வகுக்கவில்லை. "வாதிக்கும் எனக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை" என்று எதிர்வழக்குரையில் ஒரே ஒரு வரி இருந்தது. எல்லாப் பிரதிவாதியும் வழக்கமாகப் போடும் மறுப்பு என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன். வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. என் சீனியர் வக்கீலின் அலுவலகத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கிரைய ஒப்பந்தத்தோடு ஒருவர் வந்தார். வழக்கம்போல அவர் அட்வான்ஸ் கொடுத்த கதையை ஆரம்பித்தார். சீனியர் கை காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம். அக்ரிமென்ட்ல உங்க பேர் எங்க இருக்கு, காட்டுங்க." பெயர் அதில் இல்லை. ஒப்பந்தம் போட்டது இறந்துபோன அண்ணன். "சரி, அப்போ நீங்க எந்த வழியா உள்ள வர்றீங்க? அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" இருந்தார்கள். பேச்சு அங்கேயே திசை மாறிவிட்டது.

மூன்று வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து சீனியர் அதே கேள்வியைக் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. இந்தப் பரிகாரத்துக்கான சட்டமான ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 1963-இன் 15-ஆம் பிரிவு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

நான் போன பயிற்சி மையத்தின் குறிப்பில் இந்தப் பிரிவுக்கு நான்கு வரிதான் இருந்தது. வாதி தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தாரா என்று பார்க்கும் 16(சி)-க்கு ஏழு பக்கம். பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதலில் 15, பிறகு 16, அப்புறம் 19. யார் கேட்கலாம், கேட்பவருக்குத் தகுதி இருக்கிறதா, யாருக்கு எதிராகக் கேட்கலாம். இந்த வரிசை மாறினால் தீர்ப்பு தடம் மாறிவிடும்.

15(ஏ): ஒப்பந்தத்தின் தரப்பினர் யாரும். வாங்குபவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பவரும் கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் சட்டக் கேள்வியே இதுதான்.

என்னை வீழ்த்தியது 15(பி). ஒப்பந்தத் தரப்பினரின் நலப் பிரதிநிதியும் (அவருடைய உரிமை வந்து சேர்ந்தவர்) முதல்வரும் (முகவரை நியமித்தவர்) கேட்கலாம் என்கிறது. வாரிசுகள், ஒப்பந்த உரிமையை எழுதி வாங்கியவர், முகவர் கையெழுத்திட்டிருந்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் முதல்வர் என எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். இதை விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். விதி: உரிமையை மாற்றிக் கொடுக்கலாம். விலக்கு: அந்தத் தரப்பினரின் படிப்பு, திறமை, பணவசதி போன்ற சொந்தத் தகுதியை நம்பித்தான் ஒப்பந்தம் போடப்பட்டது என்றாலோ, மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தமே சொன்னாலோ பிரதிநிதி கேட்க முடியாது. விலக்குக்கு விலக்கு: மூலத் தரப்பினர் தன் பங்கை ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தாலோ, பிரதிநிதி நிறைவேற்றியதை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டிருந்தாலோ கேட்கலாம். தேர்வில் கொடுக்கும் சங்கதிகளில் இந்த மூன்றாவதை எங்காவது ஒரு ரசீதில் ஒளித்து வைத்திருப்பார்கள். மீதித் தொகையில் ஒரு பகுதியை மாற்றம் பெற்றவரிடமே விற்பவர் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்ட ரசீது மாதிரி.

தீர்ப்புகளில் நம் பக்கத்து வழக்குகளையே பிடித்துக்கொண்டேன், அவை மனதில் நின்றன. சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன சகலகுண நாயுடு வழக்கு (1928), உச்ச நீதிமன்றத்தின் டி.எம். பாலகிருஷ்ண முதலியார் வழக்கு (1993). இரண்டுமே விற்ற சொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பற்றியவை. ஒப்பந்தம் தடுக்காதவரை அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதே இரண்டின் சாரம். என் முதல் விடைத்தாளில் இந்த இரண்டு பெயர்கள் இருந்திருந்தால் போதும். இன்றைக்கும் அது வலிக்கிறது.

மிச்சத்தைச் சுருக்கமாக:

- 15(சி): திருமண ஏற்பாடு, குடும்பத்துக்குள் சந்தேக உரிமைகளைத் தீர்த்துக்கொள்ளும் சமரசம். பயன்பெறுபவர் கையெழுத்துப் போடாதவராக இருந்தாலும் கேட்கலாம்.
- 15(எச்): கம்பெனி பிறப்பதற்கு முன் அதன் தொடக்குநர்கள் போட்ட ஒப்பந்தம். கம்பெனி அதை ஏற்றால் மட்டும் போதாது, ஏற்றதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தும் இருக்க வேண்டும்.
- வாங்குபவர்கள் பலராக இருந்து ஒருவர் மட்டும் வழக்குப் போட மறுத்தால், அவரைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். விட்டுவிடக் கூடாது.
- ஆயுள்கால உரிமை பற்றிய உட்பிரிவுகளை ஒருமுறை படித்தேன், அவ்வளவுதான்.

பவர் ஏஜென்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாதி சார்பில் பவர் ஏஜென்ட் வழக்கு தாக்கல் செய்யலாம். ஆனால் வாதிக்கு விருப்பம் இருந்தது, பணம் தயாராக இருந்தது என்று அவர் கூண்டில் ஏறிச் சொல்ல முடியுமா? ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி (2005), மான் கௌர் (2010) இரண்டு தீர்ப்புகளும் இதற்காகவே. வாதியின் சொந்த அறிவில் இருப்பதை வாதிதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஏஜென்டே முழுக்கக் கவனித்திருந்தால் நிலைமை வேறு. ஆகவே வா.சா.1 (வாதி தரப்பின் முதல் சாட்சி) யார் என்று பார்த்துவிட்டுத்தான் 16(சி)-க்குள் நுழையுங்கள். 2018 திருத்தத்துக்குப் பின் (1.10.2018 முதல் அமலில்) அந்த உட்பிரிவில் வழக்குரையில் சொல்ல வேண்டும் என்ற வார்த்தை போய், நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள். பரிகாரம் தருவதா வேண்டாமா என்று நீதிமன்றத்துக்கு 20-ஆம் பிரிவு தந்திருந்த பழைய விருப்புரிமையும் போய்விட்டது.

எதிர்த்தரப்பில் 19(பி). ஒப்பந்தத்துக்குப் பிறகு சொத்தை வாங்கியவர் மேலும் பரிகாரம் கிடைக்கும். ஒப்பந்தம் இருப்பது தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவர் மட்டும் தப்பிப்பார். தீர்ப்பாணையில் அந்தப் பின் கிரையதாரரையும் கிரையப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திடச் சொல்ல வேண்டும், லாலா துர்கா பிரசாத் (1954) வழி. சொத்தே என்னுடையது என்று தனி உரிமை கொண்டாடி உள்ளே வர நினைக்கும் மூன்றாம் நபருக்கு இந்த வழக்கில் இடமில்லை என்பது கஸ்தூரி எதிர் அய்யம்பெருமாள் (2005).

தமிழ்நாட்டுத் தேர்வு என்பதால் இதையும் விடாதீர்கள். 1.12.2012 முதல் பதிவுச் சட்டத்தின் 17(1)(ஜி) நம் மாநிலத்தில் கிரைய ஒப்பந்தத்தைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. பதிவாகாத ஒப்பந்தம் என்றதும் வழக்கைத் தள்ளுபடி செய்து எழுதிவிடத் தோன்றும். அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவோடு வரும் விலக்கு வாசகமான வரம்புரைப்படி, ஏற்றதை ஆற்றுக வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஆர். ஹேமலதா வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது முறை நான் செய்தது இதுதான். வினாத்தாளை வாங்கியதும் பதினைந்து நிமிடம் விடை எழுதவே இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கட்டம்: விற்பவர், வாங்குபவர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டத்துக்குள் எழுதினேன். வழக்கில் வரும் மற்ற எல்லோரையும் வெளியே எழுதி, கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். மகன், மாற்றம் பெற்றவர், பின் கிரையதாரர், பவர் ஏஜென்ட். ஒவ்வொரு கோட்டின் மேலும் எந்தப் பிரிவு, எந்தச் சான்றாவணம் என்று குறித்தேன். கோடு இழுக்க முடியாத ஆள் யாராவது இருந்தால் அவரைப் பற்றித்தான் முதல் எழுவினா. சுற்றிலும் எல்லோரும் எழுத ஆரம்பித்த சத்தம் கேட்கும்போது கை பதறத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மெதுவாக எழுதுகிறவள். எனக்கே நேரம் போதியது.

படிப்பு முறையில் இரண்டு விஷயம். கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை, காலை நாலரை மணிக்குத் தனியாக, சட்டத்தின் மூல வாசகத்தை வாய்விட்டுப் படிப்பதுதான் ஒத்துவந்தது. அப்புறம் வாரம் ஒருநாளாவது சார்பு நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். ஏற்றதை ஆற்றுக வழக்கில் வா.சா.1-இன் குறுக்கு விசாரணை நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பிரதிவாதி வக்கீல் முதல் பத்துக் கேள்விகளுக்குள் "உங்களுக்கும் என் கட்சிக்காரருக்கும் நேரடியாக ஒப்பந்தம் உண்டா?" என்பதற்கு வந்துவிடுவார். வாதி என்ன பதில் சொல்கிறார், அதற்கு எந்த ஆவணத்தைக் காட்டுகிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.