நூலகத்துக்கு ஒரு பெட்டி ஃபயர்ஃபிளை

ஜூலை 6

எங்கள் ரசிகர் குழுவில் நேற்று ராத்திரி ஆரம்பித்த பேச்சு இன்று மதியம் வரை ஓயவில்லை. செப்டம்பர் 20 வருகிறது, 2002இல் ‘ஃபயர்ஃபிளை’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பான நாள், அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. தம்பிகள் சிலர் ஹேஷ்டேக் போட்டு டிரெண்ட் பண்ணலாம் என்றார்கள். ஆரம்பத்திலிருந்தே குழுவில் இருக்கிற அக்கா ஒருவர், “அவரவர் ஊர் நூலகத்துக்கு டிவிடி வாங்கிக் கொடுப்போமே” என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. டிரெண்டைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே தொடரைப் பார்த்தவர்கள்தான். நூலக அலமாரி முன்னால் நிற்பவருக்கு நம்மையும் தெரியாது, தொடரையும் தெரியாது. அவர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் புதிதாக ஒருவர் வந்ததாக அர்த்தம்.

அதோடு, இந்தத் தொடரை டிவிடியில் கொடுப்பதற்கென்று ஒரு காரணம் இருக்கிறது. எடுத்தது 14 எபிசோடு. ஃபாக்ஸ் சேனல் அதில் 11ஐத்தான் காட்டியது, அதையும் வரிசையை மாற்றிக் காட்டியது. தொடரில் வருகிற மருத்துவன் ஒருவனும் அவன் தங்கையும் விண்கப்பலில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று சொல்கிற இரண்டு மணி நேர முதல் கதையை, தொடரை நிறுத்துவதென்று முடிவெடுத்த பிறகு, அந்த டிசம்பரில் கடைசியாகப் போட்டார்கள். இரண்டாவதாக வரவேண்டிய ரயில் கொள்ளைக் கதையை முதல் வாரத்தில் பார்த்தவர்களுக்கு யார் யாரென்று எப்படிப் புரிந்திருக்கும்? 2003 டிசம்பரில் டிவிடி வந்தபோதுதான் பதினான்கும் சரியான வரிசையில் ஒரே பெட்டிக்குள் கிடைத்தன. அந்தப் பெட்டிதான் இந்தத் தொடரின் முழு வடிவம். அதைப் பொது இடத்தில் வைப்பதை நான் ரொம்பப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

ஜூலை 9

ரசிகர்கள் தங்கள் தொடருக்காக இதுவரை என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டான், தெரிந்ததை எழுதிப் போட்டேன், இங்கேயும் இருக்கட்டும். ‘ஸ்டார் டிரெக்’ இரண்டாவது சீசனோடு நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பீஜோ டிரிம்பிள் என்ற ரசிகையும் அவர் கணவர் ஜானும் முன்னின்று கடிதம் எழுத வைத்தார்கள், 1968 மார்ச்சில் தொடர் நீடிக்கும் என்று என்பிசி சேனலே எபிசோடு முடிவில் அறிவித்தது. 2007இல் ‘ஜெரிகோ’ ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகத்துக்கு டன் கணக்கில் வேர்க்கடலை அனுப்பினார்கள், கூடுதலாக ஏழு எபிசோடு கிடைத்தது. அதே வருஷம் ‘வெரோனிகா மார்ஸ்’ ரசிகர்கள் மார்ஸ் சாக்லேட்டுகளை ஆயிரக்கணக்கில் அனுப்பியும் தொடர் நின்றுவிட்டது.

இவையெல்லாம் சேனல்காரர்களைப் பார்த்து வைத்த கோரிக்கைகள். ஃபயர்ஃபிளைக்காகவும் விளம்பரம் கொடுத்தார்கள், அஞ்சலட்டை அனுப்பினார்கள், வேறு சேனல் எதுவும் எடுக்கவில்லை. டிவிடி நன்றாக விற்ற பிறகுதான் கதை மாறியது, 2005இல் தொடரின் தொடர்ச்சியாக ‘செரினிட்டி’ திரைப்படம் வந்தது. பார்ப்பவர்களிடம் நேராகப் போய்ச் சேர்ந்ததுதான் கடைசியில் பலித்தது.

இன்னொன்றையும் சொன்னேன், தம்பிக்கு நம்பவே முடியவில்லை. நாசா விண்வெளி வீரர் ஸ்டீவன் ஸ்வான்சன் 2007 ஜூனில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் போனபோது தொடரையும் படத்தையும் டிவிடியாக எடுத்துப்போனார். அவை சர்வதேச விண்வெளி நிலையத்தில், அங்கே தங்குபவர்கள் பார்ப்பதற்கான சேகரிப்பில் சேர்ந்தன. ஒரு ரசிகர் பொதுச் சேகரிப்புக்குக் கொடுத்த அன்பளிப்புதானே அதுவும்!

ஜூலை 14

நூலகத்தில் டிவிடி பிரிவைப் பார்க்கிற அம்மாவிடம் இன்று நேரில் பேசினேன். வாங்குவதற்கு முன்னால் பேசியது எவ்வளவு நல்லது என்று பேச்சு முடியும்போது புரிந்தது.

கொடுத்த நிமிஷத்திலிருந்து பொருள் நூலகத்துடையது, அதை என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு. தேவையில்லை என்று பட்டால் பழைய புத்தக விற்பனைக்குப் போகும், அதில் வரும் பணம் நூலகத்துக்கே. வீட்டில் பதிவு செய்த நகல் எடுக்கவே மாட்டார்கள், அசல் வேண்டும், பிரிக்காதது என்றால் இன்னும் நல்லது. வசன வரிகள் உண்டா என்று கேட்டார், காது கேட்காத வாசகர்கள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்களாம். எந்த வயதினருக்கானது என்றும் கேட்டார். அப்புறம் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. “நீங்க சும்மா குடுக்குறீங்க சார், ஆனா அலமாரிக்குப் போறதுக்கு எங்களுக்கு வேலை இருக்கு” என்றார். பட்டியலில் பதிய வேண்டும், பார்கோடு ஒட்ட வேண்டும், வட்டு ஒவ்வொன்றிலும் அடையாளம் இட வேண்டும், கடையில் வரும் மெல்லிய பெட்டி இரவலுக்குத் தாங்காது என்பதால் உறுதியான வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரே தொடர் பல பிரதிகளாகத் தபாலில் வந்து குவிந்தால் அவர்களுக்கு அது பாரம்தான்.

“முதல்ல கேட்டலாக்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா வாசகர் கோரிக்கைப் படிவம் எழுதிக் குடுங்க, கூடவே நானே வாங்கித் தர்றேன்னு ஒரு வரி போடுங்க” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15

குழுவில் இதைச் சொன்னதும் இரண்டு பேருக்குக் கோபம், இலவசமாகக் கொடுப்பதற்கு அனுமதி வேறு வாங்க வேண்டுமா என்று. வேண்டும் என்பதுதான் என் பதில். அலமாரியில் இருக்கிற இடம் கொஞ்சம், அது எல்லோருடையது, அதில் எது இருக்கலாம் என்று பார்த்துத் தேர்வது அவர்கள் வேலை. அப்படித் தேர்ந்து வைத்த இடம் என்பதால்தானே முன்பின் தெரியாத ஒரு படத்தைக்கூட நாம் அங்கே நம்பி எடுக்கிறோம்.

ஜூலை 22

இன்று முழுக்க மண்டலக் குறியீடு பற்றிய பேச்சு, டிவிடி எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று சொல்கிற எண் அது. குழுவில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறோம், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற பெட்டி எல்லா ஊர் பிளேயரிலும் ஓடாது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, இந்தியாவுக்கு 5. பெட்டியின் பின்பக்கம் சின்ன உலகப் படத்துக்குள் எண் போட்டிருக்கும், வாங்கும் முன் அதைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டை நூலகம் இரவல் தர அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, முதல் விற்பனைக் கோட்பாடு என்று அதற்குப் பெயர், பதிப்புரிமைச் சட்டம் 109ஆம் பிரிவு. மற்ற நாடுகளில் விதிகள் வேறு, அவரவர் நூலகரைக் கேட்பதே சரி.

இந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு தங்கை கேட்டது மனதை என்னவோ செய்தது. அவளுக்குப் பிடித்த தொடர் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வந்தது, வட்டாக வெளிவரவே இல்லை, “நான் எதை அண்ணா கொண்டுபோய்க் கொடுக்க?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. சந்தா கட்டுகிறவர் தன் கணக்கை நூலகத்துக்குக் கொடுக்க முடியாது, நிறுவனம் ஒருநாள் தொடரைத் தூக்கிவிட்டால் கட்டியவருக்கே கிடைக்காது. வட்டு ஒன்று அலமாரியில் இருந்தால் அதை யாரும் தூரத்திலிருந்து அழிக்க முடியாது, சேனல் கைவிட்டாலும் இருக்கும். நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆர்வம் இன்னும் இருப்பவர்கள் இதற்காக எழுதலாம். தொடரை வட்டாகப் போடுங்கள், நூலகங்களுக்கு விற்க வழி செய்யுங்கள் என்று.

ஆகஸ்ட் 3

நூலகத்திலிருந்து சரி என்று பதில் வந்துவிட்டது! பெட்டி வாங்கியாகிவிட்டது, நான்கு வட்டு, பிரிக்காதது.

பெட்டிக்குள் குழுவின் பெயரும் முகவரியும் போட்ட துண்டுச்சீட்டு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அக்காவும் அதையே சொன்னார். இரவல் எடுப்பவரைக் கதை பார்த்துக்கொள்ளும், நாம் குறுக்கே நிற்க வேண்டாம். நூலகமே அன்பளிப்புச் சீட்டு ஒட்டினால் அதில் ‘வாசகர் அன்பளிப்பு’ என்று மட்டும் இருக்கட்டும். நூலகருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் விவரம் எழுதினேன். விண்வெளியில் நடக்கிற கதை, ஆனால் போரில் தோற்ற பக்கத்து ஆள் ஒருவன் பழைய சரக்குக் கப்பலை ஓட்டிப் பிழைக்கிற கதையும்கூட, ஆகவே அறிவியல் புனைவுப் பக்கம் போகாதவர்களுக்கும் பிடிக்கும், எபிசோடுகளை வட்டில் உள்ள வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17

கேட்டலாக்கில் வந்துவிட்டது. தலைப்பு, ஆண்டு, வட்டுகளின் எண்ணிக்கை, நேராக ‘இரவலுக்கு உண்டு’.

பார்த்ததும் குழுவில் அடுத்த யோசனை, நாமே மாற்றி மாற்றி எடுத்து எண்ணிக்கையை ஏற்றுவோம் என்று. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. வருஷக்கணக்கில் யாரும் தொடாத பொருளை நூலகம் கழித்துவிடும், அலமாரி நிரம்பும்போது வேறு வழியில்லை. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் வீட்டில் பெட்டி இருக்கிற ஒவ்வொரு வாரமும் அது அலமாரியில் இல்லாத வாரம். யாருக்காக வைத்தோமோ அவர் வந்து வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அதைவிட, இதுவரை பார்க்காத நண்பர்களிடம் நூலகத்தில் இருக்கிறது, போய் எடு என்று சொல்லலாம். நீண்ட நேரம் பேசி கடைசியில் அப்படியே முடிவானது.

செப்டம்பர் 5

அக்காவின் ஊர் நூலகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, ஏற்கெனவே இருக்கிறதாம். அக்கா அதோடு விடாமல் அந்தப் பிரதி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் இரண்டாவது வட்டு கீறல் விழுந்து பாதியில் நிற்கிறது, பலர் எடுத்துப் பார்த்த பெட்டி அது. மாற்று இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம். இது எங்கள் யாருக்கும் தோன்றாத வழி, புதிதாகக் கொடுப்பதைவிட உபயோகமானதுகூட, ஏனென்றால் அங்கே ஆட்கள் உண்மையிலேயே எடுக்கிறார்கள் என்று தெரிகிறது. இனி எல்லோரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று குழுவில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 20

காலையில் எழுந்ததும் கேட்டலாக்கைப் பார்த்தேன். ‘இரவலில் உள்ளது’, திரும்ப வேண்டிய நாள் அக்டோபர் 4, அதற்குப் பின்னால் ஒரு முன்பதிவு வேறு. எங்களில் யாரும் இல்லை, கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தை மூடவே மனசு வரவில்லை.

எடுத்தவர் பதினான்கையும் முடித்துவிட்டு மேலே என்ன என்று தேடுவார், எல்லோரும் தேடுவார்கள். ‘செரினிட்டி’ இருக்கிறதா என்று பார்த்தேன், இந்த நூலகத்தில் இல்லை. கோரிக்கைப் படிவத்தை இன்றே அனுப்பிவிட்டேன், வாங்கித் தருகிறேன் என்ற வரியோடு.