பட்டப்பெயர் நோட்டு: ஆறு வாரம் ஆன பிறகு

பழைய காதல் படங்களில் வரும் ஆட்களின் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம். பெயர் காதில் விழும்போதெல்லாம் நிறுத்தி, எத்தனையாவது நிமிடம், யார் வாயில் வந்தது என்று குறித்துக்கொள்வது, அவ்வளவுதான் வேலை. சின்ன வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இப்போது வாரம் முழுக்க மனம் அதிலேயே கிடக்கிறது.

முதல் வாரம் வீண். பல தடவை பார்த்த படங்கள்தானே என்று நினைவிலிருந்தே நாலு பக்கம் எழுதிவிட்டேன். அப்புறம் படத்தைப் போட்டுப் பார்த்தால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக எழுதியிருக்கிறேன், கடைசியில் வரும் காட்சியை நடுவில் வைத்திருக்கிறேன். நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு, திரும்பப் பார்க்காத படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த சிக்கல், எதைப் பட்டப்பெயர் என்று எடுத்துக்கொள்வது. தமிழில் இந்தச் சொல்லே இரண்டு பக்கமும் போகிறது. சபையில் கௌரவமாகக் கொடுப்பதும் பட்டப்பெயர், தெருவில் கேலியாக ஒட்டிக்கொள்வதும் பட்டப்பெயர். வீட்டில் கொஞ்சிக் கூப்பிடும் செல்லப்பெயர் வேறு. சீனிவாசன் சீனு ஆவதும் வைத்தியநாதன் வைத்தி ஆவதும் வெறும் சுருக்கம், அவற்றைத் தனியாக ஒதுக்கினேன். ஆக கௌரவம், கேலி, செல்லம் என்று மூன்று கட்டம் போட்டேன்.

இந்த மூன்று கட்டத்துக்கும் தோதான படம் 'தில்லானா மோகனாம்பாள்' என்று 1968க்குப் போனேன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். எழுதியவருக்கே ஊர்ப்பெயர் ஒன்று, புனைபெயர் ஒன்று இருக்கும்போது கதையில் பெயர்கள் இப்படிக் கொட்டிக் கிடப்பதில் ஆச்சரியமில்லை. சிக்கல் சண்முகசுந்தரம், சவடால் வைத்தி, ஜில் ஜில் ரமாமணி. இதில் சவடாலுக்கு விளக்கமே வேண்டாம், நாகேஷ் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். சிக்கல் என்பது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். நாதஸ்வரக்காரர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வது வழக்கம் என்பதால் அதை ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. முருகன் அம்மாவிடம் வேல் வாங்கிய ஊர் அது, 'சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சூரசம்ஹாரம்' என்பார்கள். அந்த ஊர்க்காரனுக்குச் சண்முகசுந்தரம் என்று முருகன் பெயர். அவனுடைய கோபமும் ரோஷமும் காதலுக்குக் குறுக்கே வந்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் 'சிக்கல்' என்ற சொல்லின் இன்னொரு அர்த்தமும் காதில் விழுகிறது. நாட்டியக்காரி மோகனாவுக்குத் 'தில்லானா' என்பது அவனோடு போட்டி போட்டு ஆடிய பிறகு கிடைக்கும் பட்டம். காதலனோடு மோதி வாங்கிய பெயர் என்பதால் கௌரவத்தில் போடுவதா, செல்லத்தில் போடுவதா என்று தெரியாமல் நடுவில் எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டையே மாற்றியது '16 வயதினிலே' தான். 1977, பாரதிராஜாவின் முதல் படம். மயில், சப்பாணி, பரட்டை. பரட்டைக்குத் தலைமுடி காரணம். சப்பாணிக்குக் கால் காரணம், கேலிக் கட்டத்தில் போட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன், அகராதியை ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால். சப்பாணி என்பதற்கு நடக்க முடியாதவன் என்ற அர்த்தத்தோடு, கைகொட்டுதல் என்ற அர்த்தமும் இருக்கிறது! பிள்ளைத்தமிழில் நாலாவது பருவமே சப்பாணிப் பருவம், குழந்தையைக் கைதட்டி விளையாடச் சொல்லிப் பாடுவது. அதற்கும் முன்னால் பெரியாழ்வார் சப்பாணி கொட்டச் சொல்லி ஒரு குழந்தையைப் பாடியிருக்கிறார். அந்தக் குழந்தை கண்ணன். படத்தில் சப்பாணியின் அசல் பெயர் என்ன? கோபாலகிருஷ்ணன்.

இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வைத்தவர்கள் நினைத்துத்தான் வைத்தார்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர் கேலியாகக் கூப்பிடும் அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் அப்படி ஒரு கொஞ்சல் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் போதும். கேலிக் கட்டத்தில் எழுதியதை அடித்துச் செல்லக் கட்டத்தில் எழுதினேன். பிறகு அது தப்பு என்று பட்டது, ஏனென்றால் படத்துக்குள்ளே யாரும் அவனை அந்தக் கொஞ்சலோடு கூப்பிடுவதில்லை. மயிலேகூட முதலில் அவனை ஓர் ஆளாக மதிப்பதில்லை, அவள் மனமெல்லாம் டாக்டர் மேல். எல்லாம் போன பிறகு துணைக்கு நிற்பவன் இவன்தான் என்று தெரிந்ததும், அவனைக் குளித்துத் துணி மாற்ற வைத்து ஆளாக்கும்போது, இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்கிறாள். அவனும் அறைகிறான். அவள் அவனிடம் காதல் என்ற வார்த்தையைச் சொன்னாளா என்று தேடிக்கொண்டிருந்தேன், தேட வேண்டியதே இல்லை. ஊர் எடுத்துக்கொண்ட பெயரை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறாள், எனக்கு அந்தப் படத்தின் காதல் காட்சி அதுதான்.

அன்றைக்கு மூன்று கட்டத்தையும் அடித்தேன். இப்போது நோட்டில் இருப்பது வேறு மூன்று: யார் வைத்தது, யார் கூப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் பெயர் மாறுகிறது. முடித்திருந்த படங்களை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று, இரண்டு ஞாயிறு அதிலேயே போனது. பரவாயில்லை.

'குணா' இந்தப் புது முறையில் சட்டென்று உட்கார்ந்தது. 1991. ரோகிணி என்ற பெண்ணை நாயகன் குணா பார்த்த நேரத்திலிருந்து அபிராமி என்றே கூப்பிடுகிறான். அவளோ தன் பெயர் அது இல்லை என்கிறாள். வைத்தவன், கூப்பிடுபவன் இரண்டிலும் ஒரே ஆள். அவள் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் மூன்றாவது கட்டம் நிரம்புகிறது. அபிராமி திருக்கடையூர் அம்மன். அமாவாசை அன்று பௌர்ணமி என்று சொன்ன அபிராமி பட்டரின் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், குணா பௌர்ணமிக்காகக் காத்திருப்பது இன்னும் நன்றாகப் புரியும். அபிராமி பட்டரும் பட்டப்பெயர்தான், அவருடைய இயற்பெயர் சுப்பிரமணியம் என்பார்கள்.

போன வாரம் 'மூன்றாம் பிறை', பாலுமகேந்திரா, 1982. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், முடிவு தெரியுமே. பாக்கியலட்சுமி என்ற பெண், விபத்தில் நினைவு தவறிக் குழந்தை மனதோடு இருக்கிறாள். அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சீனுவுக்கு அவள் விஜி. அந்த வீட்டில், அந்த மலையில், சுப்பிரமணி என்ற அந்த நாய்க்குட்டியோடு இருக்கும் வரை செல்லும் பெயர் அது. நினைவு திரும்பியதும் பாக்கியலட்சுமி ஆகிவிடுகிறாள். ரயில் நிலையத்தில் அவன் விழுந்து எழுந்து, குரங்கு வித்தை எல்லாம் காட்டி விஜி விஜி என்று கத்தும்போது, அவளுக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர்.

'16 வயதினிலே'யிலும் கடைசியில் ரயில் நிலையம்தான், அதே கமல், அதே ஸ்ரீதேவி. அங்கே அவள் அவனுக்காகக் காத்திருக்கிறாள், இங்கே அவன் எதிரில் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் நோட்டில் எதிரெதிரே வருகிற மாதிரி ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு 'மிஸ்ஸியம்மா'. 1955, சாவித்திரியும் ஜெமினி கணேசனும். மேரி என்று வளர்ந்தவள் காணாமல் போன மகாலட்சுமி என்று தெரியவருவதுதான் கதை, ஆனால் தலைப்பில் நிற்பது அந்த இரண்டு பெயரும் இல்லை. மிஸ்ஸியம்மா என்று அவளை முதலில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.