ஸ்டோமா மூடிய பிறகு முதல் ஆறு வாரம்

பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஜே எழுத்துபோல மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைப்பதுதான் ஜே-பவுச். மருந்துக்கு அடங்காத அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடல் புண்) உள்ளவர்களுக்கும், பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சதைக்கட்டி) வருபவர்களுக்கும் செய்வார்கள். தையல் ஆறும்வரை வயிற்றில் தற்காலிக ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற ஒரு திறப்பு, இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, பவுச்சில் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு அதை மூடுவார்கள். ஆபரேஷனை விளக்க ஆள் உண்டு. ஸ்டோமாவை மூடி வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

முதல் சில வாரம் ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை மலம் போகும். இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டிவரும், தூக்கத்தில் கசியவும் செய்யும். ஆபரேஷன் தோற்றுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சிறுகுடலுக்குத் தள்ளித்தான் பழக்கம், தேக்கிவைத்துப் பழக்கமில்லை. புதுப் பவுச் சின்னது, வீக்கமும் வடிந்திருக்காது. மெல்ல மெல்ல விரிந்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலோருக்குப் பகலில் ஐந்தாறு, இரவில் ஒன்று என்ற அளவுக்கு வரும்.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தப்பு, சாப்பாட்டைக் குறைப்பது. சாப்பிட்டால்தானே போகணும் என்று தோன்றும். ஆனால் காலிக் குடலில் பித்தமும் செரிமான நீரும் சாதத்தோடு கலக்காமல் தனியாக இறங்கும். காற்றும் கூடும், எரிச்சலும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடுங்கள். குழைந்த தயிர் சாதம், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் எல்லாம் மலத்தைக் கெட்டியாக்கும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தால் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும். தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை, சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு ஆகியவை ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். வீங்கியிருக்கும் குடலில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய தப்பு, வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது. இதுவரை தினமும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரையும், கூடவே உப்பையும் உறிஞ்சிக் கொடுத்தது பெருங்குடல். இப்போது அது இல்லை. போக்கு அதிகமான நாளில் உப்பில்லாத தண்ணீர் உள்ளே போனால், உடம்பிலிருக்கும் சோடியம் குடலுக்குள் இறங்கும். சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடிக்கக் குடிக்கத் தாகமும் போக்கும் கூடுவது இதனால்தான். டீ, காபி, ஜூஸுக்கும் இதே கதைதான்.

அதனால் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர்தான் வேண்டும். அதற்கான ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட் வாங்கினால் 1 லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்து, அந்த அளவில்தான் கலக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கலவை இன்னும் கொஞ்சம் உப்புத் தூக்கலானது: 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் பொடி 20 கிராம், உப்பு 3.5 கிராம், ஆப்பசோடா 2.5 கிராம். ஸ்பூன் ஆளுக்கு ஆள் மாறும், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்தால் குமட்டாது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, அதனால் ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம், பி.பி. தொல்லை உள்ளவர்கள் உப்பளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யட்டும்.

தோல் எரிச்சலை யாரும் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். செரிமான நொதிகள் தோலையும் அரிக்கும். தோல் ஒருமுறை உரிந்துவிட்டால் ஒவ்வொரு தடவை உட்காருவதும் பயமாகிவிடும். எரிச்சல் வருமுன்பே, முதல் நாளிலிருந்தே ஜிங்க் ஆக்சைடு கிரீம் போட ஆரம்பியுங்கள். பேப்பரால் தேய்க்காதீர்கள். ஹெல்த் ஃபாசெட்டை முழு வேகத்தில் அடிக்காமல், மக்கில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஊற்றிக் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றியெடுங்கள். ஒரு நிமிடம் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிரெட்டில் வெண்ணெய் தடவுவதுபோலக் கிரீமைக் கனமாகப் பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த முறை பழைய கிரீமைச் சுரண்டாமல் அழுக்கான மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசினால் போதும். டெட்டால், வாசனை சோப்பு, ஈர வைப்ஸ் எதுவும் வேண்டாம். சிவந்த இடத்தின் ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஜிங்க் மட்டும் பற்றாது, காட்டுங்கள். மிளகாயின் காரம் முழுக்கச் செரிக்காமல் அப்படியே வெளியேறும். நாக்கில் எரிந்தது அங்கேயும் எரியும்.

டாக்டர் லோபரமைடு (போக்கைக் குறைக்கும் மருந்து) எழுதிக்கொடுத்தால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுங்கள். அப்போதுதான் பலன். நாளுக்கு 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயிறு உப்பி, காற்றும் போகாமல் இருக்கும்போது போடவே கூடாது. வலிக்கு பாரசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகள் பவுச்சைப் புண்ணாக்கலாம். கழிப்பறையில் முக்க வேண்டாம். முக்கினால்தான் போகிறது, அதுவும் நூல்போல வருகிறது என்றால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். அதை டாக்டர் விரலாலேயே விரித்துவிட முடியும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அடியிடுப்பில் வலி, வயிறு உப்பி வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், அடர்ந்த நிறத்தில் கொஞ்சமே சிறுநீர் போவது, திடீரெனத் தடவை கூடி ரத்தம் கலப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நள்ளிரவில் எமர்ஜென்சியில் பார்க்கும் டாக்டர் ஜே-பவுச் நோயாளியை முன்பு பார்த்திராமல் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு, "பெருங்குடல் இல்லை, ஜே-பவுச் உள்ளது, எனிமா தரவோ ஆசனவாய் வழியாகக் குழாய் போடவோ என் சர்ஜனைக் கேட்கவும்" என்று அவருடைய போன் நம்பரையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் வீட்டிலிருப்பவர் கையில் இருக்கட்டும்.